வலப்பக்கம் வைத்த டர்போ

சாமி,

மல்லசமுத்திரத்தில் உன் நிச்சயம் முடிந்து இன்றோடு பதினோரு நாள். நீ என்னோடு பேசாமலிருப்பதும் அதே பதினோரு நாள். உன் திருச்செங்கோட்டுக் கடைக்கு இரண்டு தடவை போன் போட்டேன். இரண்டு தடவையும் வேறு யாரோ எடுத்து, "அண்ணன் ரிக்குக்கு அடியில இருக்காருங்க" என்றார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் நீ இதைப் படிக்க வேண்டும். படித்த பிறகு என்னோடு பேசாமலே இருந்துவிட்டாலும் சரி.

அன்றைக்கு நடந்ததை உன் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் உன் மானத்தை வாங்கியவள். சம்பந்தி வீட்டுக் களத்தில் அவர்களுடைய போர்வெல் ரிக் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் கம்ப்ரசர் எஞ்சினுக்கு டர்போ பொருத்திக் கொடுத்தவன் நீ. பொருத்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை. உனக்கு நிச்சயமான சுமதி காபித் தட்டோடு வந்து உன் பக்கத்தில் குனிந்து மெதுவாகத்தான் சொன்னாள். "ஏனுங்க, அந்த டர்போவுல எண்ண கசியறாப்புல இருக்குதுங்க. ரெண்டு நாளா பொகை நீலமா வருது." நீ உன் சிநேகிதர்களைப் பார்த்தாய். பிறகு அவளிடம், "மொதல்ல காபியில சக்கரை சரியா இருக்குதான்னு பாரு. டர்போவ நாங்க பாத்துக்கறோம்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அப்பாவும் சிரித்தார். அவளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை நான் தாங்கிக்கொண்டேன், அவள் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து போய் ரிக்கில் ஏறி, டர்போவிலிருந்து காற்று எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் முழுக்க எண்ணெய். அந்த விரலோடு வந்து சம்பந்தியிடம், இதைக் கழற்றிப் பார்க்கும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொன்னேன். திரும்பி வரும்போது காரில், "என் மானத்த வாங்கீட்டியேம்மா" என்றாய். ஆமாம், வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே உன் அப்பா திருச்செங்கோட்டு ரிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இங்கே கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டார். முதலில் லாரி வேலை. எழுபதுகளின் கடைசியில் போர்வெல் கம்ப்ரசர்களில் டர்போ வைத்த எஞ்சின்கள் வர ஆரம்பித்தபோது அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் மிகக் குறைவு. உன் அப்பாவுக்குத் தெரியும் என்று பேர் வந்தது. சாமான்களைக் கழுவுவதற்கு இருந்த ஆள் திடீரென்று நின்றுவிட, அந்த வேலைக்கு என்னை உட்கார வைத்தார். மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு முன்னால் ஒரு மணை, ஒரு பிரஷ், ஒரு சாக்கு. கழுவிக் கழுவி என் விரல்களின் தோல் வெடித்திருக்கும். நீ சாப்பிடும்போது சோற்றில் மண்ணெண்ணெய் வாசம் வருகிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாய்.

கழுவுகிறவளுக்குத் தெரிகிற விஷயங்கள் மாட்டுகிறவனுக்குத் தெரியாது. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரம் காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிறது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான், இது போதுமானதாகவும் இருந்தது. அந்தத் தண்டை விரலில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் மயிரிழை அசையலாம், எண்ணெய் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் மட்டும் எதுவும் கைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அது செத்த சாமான். சக்கரத்தின் இதழ்கள் எல்லாம் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் அரம் பட்டிருந்தால் யாரோ அடிபட்ட இடத்தை மறைத்திருக்கிறான் என்று அர்த்தம். அதை மூடியிருக்கிற கூட்டின் உள்சுவரில் வட்டமாகப் பளபளப்பு இருந்தால் சக்கரம் எப்போதோ உரசியிருக்கிறது. புதிது என்று சொல்கிற சாமானுக்கு எதற்கு வெள்ளிப் பெயிண்ட்? யாரும் இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஓடி உடைந்து வந்தவற்றை வருஷக்கணக்கில் கழுவியதால், உடையப்போவது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு நாள் ஒரு ரிக் முதலாளி தன் ஆட்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய டர்போ சக்கரத்தைக் கழுவும்போது ஓர் இதழின் அடியில் கோடு ஒன்று தெரிந்தது. நான் எழுந்து போய், எல்லோர் முன்னாலும், "ஏனுங்க, இதுல கீறல் உட்டிருக்கறாப்புல தெரியுதுங்க" என்றேன். அது தப்பென்று எனக்கு அப்போது தெரியவில்லை. உன் அப்பா சக்கரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வந்தவர்களைப் பார்த்தார். திரும்ப என் உள்ளங்கையில் வைத்து, "பாரு, குழி குழியா இருக்குது. கொண்டு போயி பணியாரம் ஊத்து" என்றார். அந்த மனிதர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். நீ பள்ளிக்கூடப் பையோடு டயர் மேல் உட்கார்ந்திருந்தாய். உனக்குப் பன்னிரண்டு வயது. எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தவன் நீதான்.

அவர்கள் போன பிறகு உன் அப்பா அந்தச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தடவி வெயிலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தூளின் மேல் ஈரமாக ஒரு கோடு எழுந்து வந்தது. நான் சொன்ன அதே இடம். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. அடுத்த வாரம் அந்த முதலாளி வந்தபோது, "கையில எடுத்த ஒடனே தெரிஞ்சுபோச்சுங்க, அதான் வேற போட்டுட்டேன்" என்றார் உன் அப்பா. அந்த மனிதர் உன் அப்பாவின் கையைப் பிடித்து, "தங்கக் கைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்தது பணியாரக்காரி என்கிற பேர். உன் அப்பா கூப்பிட்டார், கொட்டகைக்கு வந்தவர்கள் கூப்பிட்டார்கள், நீயும் கூப்பிட்டாய். நீ கோயமுத்தூருக்கு லேத்து வேலைக்குப் போகும்வரை அப்படித்தான் கூப்பிட்டாய். அதில் பாசமும் இருந்தது என்று நீ சொல்லலாம். இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சாமான்களைக் கழுவிச் சாக்கில் வைக்கும்போது நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும் வைக்க ஆரம்பித்தேன். ஒன்றிரண்டு தடவையில் அவர் புரிந்துகொண்டார். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவர் பீடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக வருவார், இடப்பக்கம் இருப்பதைக் கையில் எடுப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், பிறகு வாடிக்கைக்காரரிடம் போய்ப் பேசுவார். ஆறு வருஷம் இப்படியே ஓடியது. ஊரில் அவருக்கு இருந்த பேர் அந்தச் சாக்கின் இடப்பக்கத்திலிருந்து வந்தது.

நீ கோயமுத்தூரில் இருந்த காலத்தில்தான் கதிர்வேல் வந்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பெரிய வீடு, அப்பாவுக்கு நூல் மில், ஒரே பையன். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தான். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, தரையோடு தரையாகப் போகும். அவனுடைய சிநேகிதன் ஒருவன் மலையடிவாரத்திலிருந்து மேலே ஏரி வரைக்கும் இவனைவிடச் சீக்கிரம் ஏறிவிட்டானாம். அதற்காக பம்பாயில் ஒரு ஆளிடம் சொல்லி, காருக்கு வைக்கிற டர்போ செட் வரவழைத்திருந்தான். மரப்பெட்டி, உள்ளே வைக்கோல், மேலே ஏதோ வெளிநாட்டு எழுத்து. கார்களுக்கு டர்போ வைப்பது இங்கே யாரும் கேள்விப்படாத விஷயம். ரிக்குக்கு வைத்தவர் காருக்கும் வைப்பார் என்று உன் அப்பாவிடம் கொண்டுவந்தான். "சேலத்துல உங்க ஒருத்தரால தானுங்க முடியும்" என்று அவன் சொன்னபோது உன் அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அவர் சம்மதித்துவிட்டார்.

கதிர்வேலின் டிரைவர் மாரப்பனும் கூட வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, மேல்துண்டு. மில் முதலாளியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தவரை, பையனுக்குத் துணையாக இருக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தபோது கதிர்வேல், "இவங்கதான் கழுவுவாங்களா?" என்று கேட்டான். உன் அப்பா, "நம்ம ஊட்டுப் பணியாரக்காரிங்க. உட்டா உங்க டர்போவுலயே ஒரு ஈடு சுட்டுக் குடுத்துரும்" என்றார். கதிர்வேலுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாரப்பன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

புதுச் சாமானாக இருந்தாலும் கழுவித்தான் மாட்ட வேண்டும். முதல் கையிலேயே தெரிந்துவிட்டது. பெயர்த்தகட்டில் பழைய நம்பரைத் தேய்த்துவிட்டு அதன் மேல் வேறு நம்பரைக் குத்தியிருந்தார்கள். இதழ் ஒன்றின் நுனியில் அரம் போட்டு, அதற்குச் சமமாக எதிர் இதழிலும் அரம் போட்டிருந்தார்கள். எண்ணெய் வடிகிற துளையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே தண்டைத் தாங்குகிற புஷ் வெண்கலச் சிவப்பாக இல்லை, குத்துவிளக்குப் பித்தளை போல மஞ்சளாக இருந்தது. யாரோ ஒருவன் உள்ளூர் லேத்தில் கடைந்து போட்டிருக்கிறான். தண்டை இழுத்துத் தள்ளினேன். டக் என்றது. எண்ணெய் கொண்டுபோவதற்கு உலோகக் குழாய் வைக்க வேண்டிய இடத்தில் வெறும் ரப்பர் ஹோஸ் கொடுத்திருந்தார்கள். சூட்டில் பழுக்கிற கூட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் அது போக வேண்டும். பழைய டர்போவை எடுத்துப் பெயிண்ட் அடித்து, பெட்டியும் வைக்கோலும் மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

என் கை இடப்பக்கம் போனது. சாக்கில் இன்னும் அது படவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். உன் அப்பா கார் பானெட்டில் சாய்ந்துகொண்டு கதிர்வேலிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதிர்வேல் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் டர்போவை எடுத்து வலப்பக்கம் வைத்தேன்.

தெரியாமல் வைக்கவில்லை, சாமி. கை தவறியும் வைக்கவில்லை. இந்தத் தடவை உங்கள் தங்கக் கை தானாகவே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்துத்தான் வைத்தேன். இது போய் மலையில் உடைய வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும், அவர் முகம் எப்படி ஆகிறது என்று நான் பார்க்க வேண்டும். இத்தனையும் அந்த ஒரு நொடியில் நினைத்தேன். யாருக்காவது அடிபடும் என்று நினைக்கவேயில்லை என்று எழுதினால் அதுவும் பொய். நினைத்தேன். பட்டால் கதிர்வேலுக்குப் படும் என்று நினைத்தேன், அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மூன்று நாளில் மாட்டி முடித்தார். கடைசி நாள் சாயங்காலம் அவர்கள் காரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது மாரப்பன் தொட்டிப் பக்கம் வந்தார். கை கழுவத் தண்ணீர் கேட்டார். செம்பைக் கொடுத்தேன். கழுவி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க அம்மிணி, சாமான் எப்படிங்க? நீங்க கழுவும்போது பாத்திருப்பீங்க. நாளைக்குத் தம்பி என்னையும் பக்கத்துல உக்காரச் சொல்றாரு. எனக்குப் புள்ளைங்க சின்னதுங்க, அதான் கேக்கறேன்" என்றார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு சாமானைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? செம்பை வாங்கிக்கொண்டு, "எனக்கென்னங்க தெரியும். பணியாரம் சுடறவ. அவரக் கேளுங்க" என்றேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "சரிங்க" என்று போனார். பழி வாங்குகிறவளுக்கு யார் முன்னால் நிற்கிறார்கள் என்பது கண்ணில் படாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். கார் கொட்டகையிலிருந்து கிளம்பி மலைப்பாதையில் ஏறியது. டர்போ விசில் அடிக்கிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. உன் அப்பா இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வளைவோ ஐந்தாவது வளைவோ, விசில் சட்டென்று தகரத்தைக் கிழிக்கிற சத்தமாக மாறியது. பிறகு சத்தமே இல்லை. அவர் கண்ணைத் திறந்தார். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த மாற்றம் அந்த முகத்தில் வந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது என்பதை உன்னிடம் மறைத்தால் இந்தக் கடிதத்தை எழுதுவதே வீண். ஒரு மூச்சு நேரத்துக்கு அந்தச் சந்தோஷம் இருந்தது. அப்புறம் மரங்களுக்கு மேலே கரும்புகை தெரிந்தது.

தண்டு உடைந்து, ரப்பர் ஹோஸ் அறுந்து, எண்ணெய் பழுத்த கூட்டின் மேல் பீய்ச்சியடித்திருக்கிறது. கதிர்வேல் கதவைத் தாண்டிக் குதித்துவிட்டான். முழங்கையில் சிராய்ப்புத்தான். மாரப்பன் ஓடியிருக்கலாம். முதலாளி வீட்டுக் கார் எரிகிறதே என்று துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். தீ அவர் முகத்தில் அறைந்தது. லாரி ஒன்றில் படுக்க வைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். எங்கள் கொட்டகையைத் தாண்டித்தான் அந்த லாரி போனது.

பிழைத்துக்கொண்டார். ஒரு கண் போயிற்று. இரண்டு கை விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே மடங்கிப்போயின. மில்காரர் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து உன் அப்பாவைக் கேட்டார்கள், என்னதான் நடந்தது என்று. "கெளம்பறதுக்கு முந்தி டிரைவர் ஆயில் பாத்திருக்கோணுமுங்க. ஆயில் கொறஞ்சா எந்த டர்போவும் நிக்காது" என்றார் உன் அப்பா. கதிர்வேலுக்கும் அந்தக் காரணம் சௌகரியமாக இருந்தது. பம்பாய்ப் பெட்டியை வாங்கியவன் அவன்தானே. மாரப்பன் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே அவருக்கு வேலை போயிற்று. அந்தப் பேச்சு நடந்தபோது நான் அங்கேதான் உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் உன் அப்பாவுக்குச் சோறு போட்டேன். இரண்டு கவளம் சாப்பிட்டார். நான் சொன்னேன், "ஷாஃப்டுல ஆட்டம் இருந்துச்சுங்க. எனக்குத் தெரியும்." இடிந்துபோவார், அடிப்பார், ஏதாவது ஒன்று நடக்கும் என்று காத்திருந்தேன். அவர் மூன்றாவது கவளத்தைப் பிசைந்துகொண்டே, "உன் கை மொதல்ல எடப்பக்கம் போச்சு. அப்பறம் வலப்பக்கம் வெச்ச" என்றார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லியிருப்ப" என்றார். பிறகு, "ரசம் ஊத்து" என்றார். ஊற்றினேன்.

எங்கள் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் மனசைத் திறந்து பேசிய பேச்சு அது ஒன்றுதான். நான் சொல்லாமல் இருந்து அவரைத் தோற்கடிக்கப் பார்த்தேன். அவர் கேட்காமல் இருந்து என்னிடம் தோற்காமல் இருக்கப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் எரிந்தது மூன்றாவது ஆள். அதன் பிறகும் அவர் டர்போ மாட்டினார். நானும் கழுவினேன், கெட்டதை மறுபடியும் இடப்பக்கம் வைத்தேன். இரண்டு வருஷம் கழித்துக் கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து அவர் செத்தபோது, நீ கோயமுத்தூரிலிருந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கக் கை, தங்கக் கை" என்று அழுதாய். நான் அழாததைப் பார்த்துவிட்டு உன் அத்தைகள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவர்கள் சொன்னது தப்பில்லை.

நீ இப்போது திருச்செங்கோட்டில் அவருடைய தொழிலைச் செய்கிறாய். உன் கை சுத்தம், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உன்னிடம் வருகிற செட்டுகளில் பாதி, வெள்ளிப் பெயிண்ட் அடித்துப் பெட்டியில் வருகிறவை. பெட்டியைப் பார்க்காதே, நம்பரைப் பார். ரசீதைப் பார்க்காதே, புஷ்ஷின் நிறத்தைப் பார். கொண்டுவந்தவன் உன்னைப் புகழ்ந்தால் அந்தச் சாமானை இரண்டாவது தடவை பார். இதெல்லாம் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை; ஆனாலும் மல்லசமுத்திரத்து ரிக்கில் எண்ணெய் ஒழுகியது. அதைக் கண்டுபிடித்தவள் காபித் தட்டோடு வந்தவள். அவள் அன்றைக்குச் சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. நானும் அந்தப் பணியாரத்துக்குச் சிரித்துத்தான் வைத்தேன். சிரித்துக்கொண்டே ஆறு வருஷம் உள்ளே சேர்த்து வைத்தேன். உன்னைப் போல ஒருவனோடு குடும்பம் நடத்தினால் அவளும் சேர்த்து வைப்பாள், ஒரு நாள் வலப்பக்கம் வைப்பாள். அதை அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதே கடிதத்தின் பிரதி ஒன்றை அவளுக்கும் எழுதி நாளைக்குத் தபாலில் போடுவேன். கல்யாணம் நின்றால் என்னால் நின்றது என்று தாராளமாகச் சொல்லிக்கொள்.

இன்னொன்றும் செய்தேன். உன் நிச்சயம் முடிந்த மூன்றாம் நாள் மாரப்பனைப் பார்க்கப் போனேன். விபத்து நடந்த சமயத்தில் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது, முகம் முழுக்கக் கட்டோடு படுத்துக்கொண்டு, "அம்மிணி, உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருந்துச்சுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இப்போது அவருக்கு மலையடிவாரத்தில் ஒரு கடை இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொய்யாப்பழமும் சோடாவும் விற்கிறார்கள். வியாபாரமெல்லாம் அவர் மனைவி பார்க்கிறாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷமாக நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "அம்மிணி வாரீங்களா, ஒரு பழம் எடுத்துக்கங்க" என்று கூப்பிடுவார். நான் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு நடையை எட்டிப் போடுவேன்.

அன்றைக்கு நின்றேன். அவர் மனைவி காபி கொடுத்தாள். டம்ளரை அவர் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர், அரம், மஞ்சள் புஷ், ஆட்டம், இடப்பக்கம், வலப்பக்கம். செம்பை வாங்கிக்கொண்டு நான் சொன்ன பதில். அவர் முகத்தைப் பார்த்தேன், ஆனால் வெந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்காது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "உங்க ஊட்டுக்காரர் செத்தப்ப நான் எளவுக்கு வல்லீங்க. நல்லா வேணும்னு நெனச்சேன். அந்தத் தம்பிய இன்னைக்கு வரைக்கும் திட்டாத நாளு இல்லீங்க. எல்லாரும் என்னையக் குத்தஞ் சொன்னப்ப, அந்தக் கொட்டாயில ஒருத்தர் நல்லவங்க இருந்தாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லுவேன். கண்ணு போச்சு, கையி போச்சு. அந்த நெனப்பு ஒண்ணு இருந்துச்சுங்க."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரால் திருப்பிக் கும்பிட முடியவில்லை.

"அதையும் இன்னைக்கு எடுத்துக்கிட்டீங்க" என்றார். "உங்களுக்குப் பாரம் எறங்கியிருக்கும். போயிட்டு வாங்க."